பாலைக் கால், முதிரைத் தீராந்தி: ஓக் சட்டக முறையில் கட்டிய மால்

இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் உள்ள எங்கள் வளவில் 24 அடி நீளமும் 14 அடி அகலமும் கொண்ட மால் (பெரிய கொட்டில்) ஒன்றை மரச்சட்டகமாகப் பூட்டி, சென்ற மாரி மழைக்கு முன்னதாக ஓடு போட்டு முடித்தோம். மூன்று கட்டாகப் பிரிந்த அந்த மாலில் இரண்டு கட்டுகள் பக்கம் திறந்தவை. ஆட்கள் இருக்கவும், உழவு இயந்திரத்தின் பெட்டியை விடவும், மழை மூட்டமான நாட்களில் நெல்லைப் பரப்பவும் ஆனவை. மூன்றாவது கட்டு, நிலத்திலிருந்து உயர்த்திய பலகைத் தளமும் வரிச்சு மண்சுவரும் கொண்ட நெல் அறை. சட்டகத்தின் மூட்டுகள் எதிலும் இரும்பாணியோ போல்ற்றோ இல்லை. துளையும், அதற்குள் செருகும் முனையான கழுந்தும், மரஆணியுமே அதைப் பிடித்து நிற்கின்றன. இந்த முறையை இங்கிலாந்தின் ஓக் மரச்சட்டக வேலையிலிருந்து எடுத்தோம். எடுத்ததில் எது இங்கே அப்படியே பொருந்தியது, எதை மாற்றவேண்டி வந்தது, ஏன் மாற்றவேண்டி வந்தது என்பவற்றை, இதேபோன்ற வேலையில் இறங்க எண்ணுபவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

என் மச்சான் ஒருவர் இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயரில் ஓக் வீடுகளும் வண்டிக் கொட்டில்களும் கட்டும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறார். வரைபடங்களை அவரே கீறி அனுப்பினார். அந்த நாட்டில் இது நெடுங்காலத்து வேலை. எசெக்ஸில் உள்ள கிறெசிங் டெம்பிள் என்ற இடத்தில் 13ஆம் நூற்றாண்டில் எழுப்பிய தானியக் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. லண்டன் வெஸ்ற்மின்ஸ்ரர் மண்டபத்தின் ஓக் கூரையை 1390களில் ஹியூ ஹெர்லண்ட் என்ற தலைமைத் தச்சர் அமைத்தார். பாரிஸ் நோத்ர டாம் பேராலயத்தில் 2019 ஏப்ரலில் எரிந்துபோன கூரைச் சட்டகத்தையும் பிரான்சில் ஓக் மரத்திலேயே மீள எழுப்பி, 2024 டிசம்பரில் ஆலயத்தைத் திறந்தார்கள்.

ஓக் வேலையின் அடிப்படை ஒன்றுதான்: இங்கிலாந்துத் தச்சர்கள் மரத்தைப் பச்சையாகவே வெட்டிப் பூட்டுகிறார்கள். தடித்த ஓக் சட்டம் முழுதாகக் காய்வதற்கு ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓர் ஆண்டு என்பது அவர்களுடைய பழைய கணக்கு. எட்டு அங்குலச் சட்டத்துக்காக எட்டு ஆண்டு காத்திருக்க எவராலும் முடியாது. காய்ந்த ஓக்கை உளியால் வெட்டுவதும் கடினம். ஆகவே பச்சை மரத்தில் மூட்டை வெட்டி, காய்ந்த மரஆணியை அறைந்து, சட்டகத்தை நிறுத்திவிடுகிறார்கள். அதன் பிறகு, ஆட்கள் குடியிருக்கும்போதே, மரம் காய்கிறது. காயும்போது ஆண்டு வளையத்தின் வழியே ஏறத்தாழ 8 வீதமும், அதற்குக் குறுக்கே அதில் பாதியளவும் சுருங்குகிறது. சட்டங்கள் சற்றே முறுகும், நெடுக வெடிப்பு விழும், மூட்டுகள் இறுகும். அந்த அசைவை முன்கூட்டியே எண்ணித்தான் அவர்களுடைய அளவுகள் எல்லாம் அமைந்திருக்கின்றன. எங்களிடம் இருந்ததோ அசைவெல்லாம் அடங்கி முடிந்த மரம். வரைபடத்தில் நாங்கள் செய்த மாற்றங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வந்தவை.

வன்னியில் பச்சை மரம் எடுக்கும் எண்ணம் எங்களுக்குத் தொடக்கத்திலிருந்தே இல்லை. காட்டில் பாலையோ முதிரையோ தறிப்பது சட்டத்துக்குப் புறம்பு. அது ஒருபுறமிருக்க, வளர்ந்து வைரம் பாய ஒரு தலைமுறைக்கு மேல் எடுக்கும் மரத்தை ஒரு மாலுக்காகத் தறிப்பதில் எனக்கு உடன்பாடும் இல்லை. புதுக்குடியிருப்புப் பக்கம், போரின் கடைசி மாதங்களில் கூரை இழந்து பிறகு எவரும் திருத்தாமல் விட்ட ஒரு பழைய நெல் ஆலையின் மரங்களை விலைக்கு வாங்கினோம். ஆறு அங்குலச் சதுரத்தில் பாலைக் கால்கள், பதினாறு அடிக்குக் குறையாத முதிரைச் சட்டங்கள், சிறு முட்டுகளும் பலகைகளும் என ஒரு லொறி நிறையக் கிடைத்தது. பழைய மரம்தானே என்று எண்ணி ஏற்றிவிடக்கூடாது. கிராம அலுவலரின் உறுதிக் கடிதமும் வனத் திணைக்களத்தின் அனுமதியும் கையில் இருந்தால்தான் வழிச் சோதனைகளில் வண்டி நிற்காமல் வரும்.

அந்த மரத்தில் ஒரு தொல்லை உண்டு. 2009க்கு முன் அந்தப் பக்கத்தில் நின்ற கட்டடத்து மரத்திலும் சரி, உயிர் மரத்திலும் சரி, செல் (எறிகணை) துண்டும் துப்பாக்கிச் சன்னமும் புதைந்திருக்கும். மரக்காலைகள் இதை நன்றாக அறிந்திருக்கின்றன. நாங்கள் அணுகிய மரக்காலை, எந்தப் பக்கத்து மரம் என்று கேட்டவுடனேயே அரிந்து தர மறுத்துவிட்டது. அரியும் வாள் அந்த இரும்பில் பட்டு அறுந்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து என்பதால் அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு சட்டத்தையும் கட்டையின்மேல் கிடத்தி, நான்கு முகத்தையும் உலோகம் காட்டும் கைக்கருவியால் தடவி, சத்தம் வந்த இடத்தில் வெண்கட்டியால் வட்டமிட்டோம். ஒரு பாலைக் காலில், வெளியே நகத்தளவு துருக்கறை மட்டும் தெரிந்த இடத்தில், உளியால் ஓர் அங்குலம் இறங்கியபோது, ஓரங்கள் முறுக்கிக்கொண்ட பெருவிரல் நீளச் செல் துண்டொன்று கிடந்தது. அதைச் சுற்றி மரம் ஒரு விரல் அகலத்துக்குக் கறுத்திருந்ததே தவிர, உளுத்திருக்கவில்லை. எடுக்கக்கூடியதை எடுத்தோம். எடுக்க முயன்றால் சட்டம் பலவீனப்படும் இடங்களில் துண்டை உள்ளேயே விட்டுவிட்டு, மூட்டு அவ்விடத்தில் வராதபடி சட்டத்தைத் தலைகீழாக்கினோம், அல்லது வேறு இடத்துக்கு மாற்றினோம். எந்தக் கால் எங்கே நிற்கவேண்டும் என்பதை இந்தச் சோதனைதான் பாதிக்கு மேல் முடிவு செய்தது. மச்சானின் பட்டறையிலும் சட்டங்களைத் தெரிந்தெடுக்க நாளெடுக்கும். அங்கே அவர்கள் பார்ப்பது கணுவையும் முறுக்கையும்.

எடையைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். பச்சை ஓக் கன மீற்றருக்கு ஏறத்தாழ 1,050 கிலோகிராம் வரும். காய்ந்தபின் 700 அளவுக்கு இறங்கும். பாலை காய்ந்த நிலையிலேயே தண்ணீரில் தாழும் மரம். ஆகவே தூக்கி நிறுத்தும் நாளில் எங்கள் சுமையும் அவர்களுடைய சுமையும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் அவர்களுடைய கட்டடம் ஆண்டுதோறும் எடை குறையும், எங்களுடையது குறையாது. அதனால் அத்திவாரத்தை மச்சான் கீறியதைவிடச் சற்று அகலமாகவே போட்டோம்.

வடிவமைப்பில் முதலில் எழுந்த கேள்வி, முகடு எத்திசையில் ஓடவேண்டும் என்பது. வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து ஓயாமல் அடிக்கும். மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து மழையோடு வரும். இரண்டுக்கும் குறுகிய முகத்தையே காட்டவேண்டும் என்பதற்காக, முகட்டைத் தென்மேற்கு வடகிழக்காக ஓடவிட்டு, நெல் அறையை வடகிழக்கு முனையில் வைத்தோம். அப்படி வைத்தால் மண்சுவர் மழை முகத்தில் நிற்கிறதே என்று அயலவர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் அறையை மறுமுனையில் வைத்தால் திறந்த மாலுக்குள் வாடைமழை நேரே புகும். அதைவிட அறையின் மூன்றடிக் கூரை நீட்சிக்குக் கீழே கிடுகுத் தட்டியொன்றைத் தொங்கவிட்டு, ஆண்டுக்கொருமுறை அதை மாற்றுவது எளிது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி வன்னி ஊடாக மன்னார்ப் பக்கம் கடந்தபோது, எங்கள் பகுதியில் தகரக் கூரைகள் எழும்பிப் போனதைப் பார்த்திருக்கிறோம். பக்கம் திறந்த மாலில் காற்று கூரைக்கு உள்ளிருந்தும் தூக்கும். அந்த நினைவோடுதான் காலடியை அமைத்தோம்.

இந்த மாலின் அமைப்பில் நான் அதிகம் யோசித்த இடமும் அந்தக் காலடிதான். வன்னியின் பழைய மால்களில் பாலைக் கப்பை மூன்றடி தாழ்த்தி நிலத்தில் நடுவார்கள். காற்றுக்கு அதைப்போல உறுதியானது வேறில்லை. ஆனால் மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்த ஒரு சாண் இடத்தில் ஈரம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால், எந்த மரமும் அங்கேதான் முதலில் போகும். நாங்கள் வாங்கிய ஆலைக் கால்களும் அங்கேதான் போயிருந்தன. அடிப்பகுதியைத் தறித்து எறிந்தபின் எஞ்சிய நல்ல நீளம் ஆறரை அடி. காலின் உயரமும் அதனால் தானாகவே முடிவாயிற்று. இங்கிலாந்தில் ஓக் காலை நிலத்தில் நடுவதில்லை. தாழ்ந்த செங்கல் சுவரின்மேல் அடிச்சட்டம் கிடத்தி அதன்மேல் நிறுத்துகிறார்கள். பழைய தானியக் களஞ்சியங்களைக் காளான் வடிவக் கற்களின்மேல் ஏற்றிவைத்திருக்கிறார்கள். எலி அந்தக் கல்லின் தலையைச் சுற்றி ஏற முடியாது. நாங்கள் ஒவ்வொரு காலுக்கும் கொங்கிறீட் அடித்தளம் போட்டு, நிலத்துக்கு மேலே ஒன்றரை அடி உயரத்துக்குக் கருங்கல் கட்டையை எழுப்பினோம். 2018 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வளவில் தண்ணீர் நின்ற மட்டம் கிணற்றுக் கட்டில் இன்னும் அடையாளமாக இருக்கிறது. கல்லின் உயரத்தை அந்த அடையாளத்துக்கு மேல் ஒரு சாண் இருக்குமாறு எடுத்தோம்.

கல்லுக்கும் காலுக்கும் இடையில் துத்தநாகம் பூசிய தகடொன்றை வைத்து, அதன் ஓரங்களைச் சுற்றிவர இரண்டு அங்குலம் வெளியே நீட்டி, கீழ்நோக்கிச் சரித்து மடித்தோம். கறையான் கல்லின்மேல் மண்குழாய் கட்டி ஏறிவந்தாலும் இந்த மடிப்பைச் சுற்றி வெளியே வரவேண்டும். வந்தால் கண்ணில் படும், தட்டிவிடலாம். தகடு கறையானைக் கொல்வதில்லை. ஒளிந்து ஏற விடாது, அவ்வளவுதான். எலிக்கும் அதே தகடு ஓரளவு தடையாகிறது. காற்றுத் தூக்குவதற்கு எதிராக, அடித்தளத்துக்குள் வளைத்துப் புதைத்த 16 மில்லிமீற்றர் துருப்பிடிக்காத உருக்குக் கம்பியை, கல்லையும் தகட்டையும் ஊடுருவிக் காலின் நடுவே எட்டு அங்குலம் ஏறவிட்டு, பக்கத்தில் வெட்டிய சிறு பொந்துக்குள் நட்டுப் போட்டு இறுக்கினோம். மூட்டுகளில் இரும்பு இல்லை என்று முன்னே எழுதினேன். காலடியில் மாத்திரம் இந்த இரும்பைத் தவிர்க்க நான் விரும்பவில்லை. துருப்பிடிக்காத உருக்கைத் தெரிந்தெடுத்ததற்கும் ஓக் வேலையே காரணம். ஓக்கில் உள்ள துவர்ப்பு அமிலம் சாதாரண இரும்பை அரித்து, மரத்தையும் கறுப்பாக்குவதால், அவர்கள் ஓக்கில் சாதாரண இரும்பைப் பூட்டுவதில்லை. பழைய பாலையில் செல் துண்டைச் சுற்றிக் கண்ட கறுப்பு எனக்கு அந்த எச்சரிக்கையை நினைவூட்டியது.

சட்டக அமைப்பு எளிமையானது. இரண்டு கால், அவற்றின் தலையில் ஆறுக்கு ஏழு அங்குல முதிரைத் தீராந்தி (இரு காலையும் குறுக்கே இணைக்கும் உத்தரம்), மூலைகளில் சாய்ந்த முட்டுகள், தீராந்தியின் நடுவே நிற்கும் நடுக்கால், அதன் தலையில் வந்து சேரும் இரண்டு கைமரங்கள்: இது ஒரு குறுக்குச் சட்டம். எட்டடிக்கு ஒன்றாக இப்படி நான்கு. குறுக்குச் சட்டங்களை நீளவாக்கில் இணைக்கும் ஓரவளைகள் தீராந்திகளின்மேல் முக்கால் அங்குலம் கடித்து அமர்கின்றன. கூரைச் சரிவுக்கு ஏழடி ஓட்டத்துக்கு நான்கடி எழுச்சி எடுத்தோம்; ஏறத்தாழ 30 பாகை. ஓடு நழுவாமல் இருக்கவும் வாடைமழை ஓட்டின் அடியால் பின்னேறாமல் இருக்கவும் இந்தச் சரிவு போதுமானது.

பழைய சட்டங்கள் எதுவும் மூலைமட்டத்துக்கு நேர் இல்லை. ஓர் அங்குலம் வளைந்ததும், ஒருமுனை மெலிந்ததும், முன்னைய ஆலையின் பொந்துகள் உள்ளதுமாக இருந்தன. ஓக் வேலையின் பழைய வழக்கம் இங்கே அப்படியே கைகொடுத்தது. சீமெந்துத் தளத்தில் சட்டத்தின் முழு அளவுப் படத்தை நூலடித்துக் கீறி, அதன்மேல் சட்டங்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டையில் கிடத்தி, தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு மூட்டையும் அதனதன் கோணலுக்கு ஏற்பக் குறித்தோம். அப்படிக் குறித்தால் ஒரு மூட்டின் கழுந்து இன்னொன்றின் துளைக்குப் பொருந்தாது. ஆகவே அடையாளம் கட்டாயம். அங்கே தச்சர்கள் ரோம இலக்கங்களை உளியால் வெட்டுவார்கள். எல்லாம் நேர்க்கோடு என்பதால் உளிக்கு ஒரே அடி. எங்கள் ஓடாவியாரும் (தலைமைத் தச்சர்) நேர்க்கோடுகளையே போட்டு, சோளகப் பக்கத்துச் சட்டத்துக்குக் கோட்டின் முனையில் ஒரு முக்கோண வெட்டைச் சேர்த்தார். வாடைப் பக்கத்துக்கு அது இல்லை. பென்சில் குறி மழையிலும் கையழுக்கிலும் போய்விடும். இந்த வெட்டுகள் இன்றும் தீராந்தியில் தெரிகின்றன.

வெட்டும் வேலை மெதுவாகவே போனது. ஓக்குக்காகச் சொன்ன 25 பாகை முனையோடு பாலையில் இறங்கினால் உளியின் விளிம்பு பல்லுப் பல்லாக உதிரும். முனையை 35 பாகைக்கு நிமிர்த்தித் தீட்டியபின் தாங்கியது. துளையின் பெரும்பகுதியைத் துறப்பணத்தால் குடைந்து எடுத்து, சுவர்களை மாத்திரம் உளியால் சீவினோம். முதிரை பார்வைக்கு அழகு, ஆனால் அதன் தூள் தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும். இது எல்லோரும் அறிந்த குணம்தான் என்றாலும், வெயிலில் வியர்த்த கையோடு வேலை செய்யும்போது அதிகரிக்கிறது. நீளக்கைச் சட்டையும் மூக்குக்குத் துணியும் இல்லாமல் முதிரையை மின்வாளால் அரியக்கூடாது.

கழுந்துகளை ஒன்றரை அங்குலத் தடிப்பிலும் நான்கு அங்குல நீளத்திலும் எடுத்தோம். மரஆணி முக்கால் அங்குலம். ஓக் மூட்டை இறுக்கும் நுட்பம் இந்த ஆணியில்தான் இருக்கிறது. காலில் போடும் துளையும் கழுந்தில் போடும் துளையும் ஒரே நேரில் அமைவதில்லை. கழுந்தின் துளை அதன் தோளை (கழுந்து தொடங்கும் இடத்து விளிம்பை) நோக்கிச் சற்று நெருங்கியிருக்கும். கூராக்கிய ஆணியை அறைந்து செலுத்தும்போது அது இரண்டு துளைகளையும் நேராக்க முயன்று, கழுந்தை உள்ளே இழுத்துத் தோளை முகத்தோடு அழுத்திவிடும். பச்சை ஓக்கில் இந்த விலகல் 3 மில்லிமீற்றர்வரை இருக்கலாம், மரம் இணங்கிக்கொடுக்கும். வரைபடத்தில் எழுதியிருந்ததும் அதே 3 தான். ஓடாவியார் அதைப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

"தம்பி, உது பச்சை மரத்துக்குச் சொன்ன கணக்கு. உந்தப் பாலை இழுபடாது, வெடிக்கும்."

"அப்ப எவ்வளவு விடலாம் ஐயா?"

"ஒரு துண்டிலை அடிச்சுப் பாப்பம். வாயாலை சொல்லுற அளவில்லை இது."

கழித்த பாலைத் துண்டுகளில் மூட்டு வெட்டி, விலகலை மாற்றி மாற்றி அறைந்து பார்த்தோம். 3 மில்லிமீற்றரில் ஆணி பாதி போகுமுன்னே துளைக்கும் கழுந்தின் நுனிக்கும் இடையில் உள்ள மரம் நீளவாக்கில் பிளந்து தனியே வந்தது. 2 இல் பிளக்கவில்லை, ஆனால் ஆணியின் இடுப்பு நசுங்கியது. ஒன்றிலிருந்து ஒன்றரைக்குள் இருந்தபோது கொட்டாப்புளியின் (மரச்சுத்தியலின்) ஓசை திடீரெனத் தடித்து, தோளின் கோடு மூடி, சீட்டுத்தாள்கூட நுழையாத அளவுக்கு இறுகியது. அதன் பிறகு எல்லா மூட்டுக்கும் அதையே வைத்தோம். காய்ந்த மரத்தில் ஆணி பின்னாளில் மூட்டை இறுக்கித் தரும் என்று நம்பியிருக்கக்கூடாது. பச்சை ஓக்கில் காலம் செய்துகொடுக்கும் வேலையை இங்கே தோளைச் சீவும்போதே செய்து முடிக்கவேண்டும். ஆகவே எங்கள் நாட்களில் பெரும்பகுதி தோள்களைச் சரிபார்ப்பதிலேயே கழிந்தது.

ஆணிக்கு எந்த மரம் என்பதும் பேச்சாயிற்று. முதிரையின் நார் ஒன்றுக்கொன்று பின்னி ஓடுவதால் அது நேராகப் பிளவாது. நார் அறுந்த ஆணி அறையும்போதே முறியும். கோடரிப் பிடிக்கு எடுக்கும் விண்ணாங்கை ஓடாவியார் தெரிந்தெடுத்தார். வாளால் அரியாமல் கத்தியால் பிளந்து, நார் முழு நீளத்துக்கும் அறுபடாமல் ஓடும் துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, எட்டுப்பட்டையாகச் சீவி, அடுப்படிப் பறணில் புகையில் காயவிட்டோம். ஆணி மட்டும் சட்டத்தைவிடக் காய்ந்திருக்கவேண்டும் என்ற விதி ஓக்குக்கும் பாலைக்கும் பொது.

காய்ந்த மரம் எங்களுக்கு ஓரிடத்தில் நன்மையும் செய்தது. நெல் அறைத் தளத்தின் குறுக்குச் சட்டங்களை அடிவளைகளில் புறாவால் வடிவ வெட்டில் இறக்கினோம். பச்சை ஓக்கில் இந்த மூட்டு காலப்போக்கில் தளரும். வால் சுருங்கும்போது அதன் சரிவுக்கும் பொந்துக்கும் இடையில் வெளி விழும். இங்கே அந்தக் கவலை இல்லை. மூடைக்கு 65 கிலோ வீதம் அறுபது மூடை அடுக்கினால் ஏறத்தாழ 4 தொன். அந்தச் சுமையைச் சட்டகத்தின் கால்களில் ஏற்ற நான் விரும்பவில்லை என்பதால், அடிவளைகளுக்குத் தனியே குட்டைக் கருங்கல் கால்கள் கொடுத்தோம். நெல் நிறையும்போதும் குறையும்போதும் தளம் சற்று அசைந்தாலும் கூரை அதை அறியாது.

நிறுத்தும் வேலை எதிர்பார்த்ததைவிட விரைவில் முடிந்தது. காலும் தீராந்தியும் முட்டும் சேர்ந்த ஒரு சட்டம் கால் தொன்னை ஒட்டிய எடை. தளத்திலேயே பூட்டி, கவைத்தடியும் கப்பியும் கயிறும் கொண்டு, அயலவர்களின் துணையோடு ஒவ்வொன்றாக எழுப்பினோம். கம்பி காலின் பொந்துக்குள் சரியாக இறங்கும் அந்தக் கடைசிச் சாண் தூரத்தில் மாத்திரம் ஒருவர் கட்டளையிட மற்றவர்கள் வாய்திறக்காமல் இருப்பது நல்லது. நடுக்காலையும் கைமரங்களையும் மேலேயே பூட்டினோம். ஓரவளைகள் அமர்ந்ததும் இரு மூலைவிட்டங்களையும் அளந்தோம். 24க்கு 14க்கு அவை 27 அடி 9½ அங்குலத்தை ஒட்டி வரவேண்டும். வேறுபாடு அரை அங்குலத்துக்குள் நின்றது. முட்டுகளின் ஆணிகளை அதன்பிறகே இறுதியாக அறைந்தோம்.

கூரைக்குப் பனஞ்சிலாகையும் அதன்மேல் றீப்பையும். பெண்பனை தறிக்க அனுமதி வேண்டும் என்பதை நினைவில் வைக்கவேண்டும். நாங்கள் மரக்காலையில் அரிந்து விற்ற சிலாகையையே வாங்கினோம். சிலாகையில் கறுத்த வைரப் பக்கம் கீழே வருமாறு வைத்து, உட்பக்கத்து வெளிறைக் கூடியவரை சீவி எறிந்தால்தான் உளுவுக்கு இடமிராது. மூன்றடி நீட்சியையும் சேர்த்தால் ஓட்டின் எடை மட்டும் இரண்டரைத் தொன்னுக்கு மேல். தகரம் போட்டிருந்தால் செலவும் எடையும் குறைந்திருக்கும் என்று பலர் சொன்னார்கள். எனக்கு அந்த எடை வேண்டியிருந்தது. காற்றுக்கு எதிராகக் கம்பியைவிட முதலில் நிற்பது அதுதான். பங்குனி, சித்திரை வெயிலில் தகரத்தின் கீழ் இருந்து பார்த்தவர்களுக்கு மற்றக் காரணத்தைச் சொல்லத் தேவையில்லை.

நெல் அறையின் சுவர் பழைய முறைப்படி வரிச்சுக் கட்டி, புற்றுமண்ணும் வைக்கோலும் குழைத்து அப்பி, சாணமும் களியும் மெழுகியது. ஓக் வீடுகளின் சட்டங்களுக்கிடையிலும் அவர்களுடைய முன்னோர் கம்பு பின்னி மண்ணே அப்பினார்கள். இப்போது குளிருக்காகச் சட்டகத்துக்கு வெளியே தடித்த காப்புப் பலகைகளால் போர்த்துகிறார்கள். எங்களுக்கு வேண்டியது காற்றோட்டம். சுவரைத் தீராந்திக்கு ஒரு முழம் கீழே நிறுத்தி, மீதியை எலி புகாத கம்பிவலையால் அடைத்தோம்.

முழு வீட்டையே இப்படிக் கட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நாங்கள் குடியிருப்பது இந்திய வீட்டுத் திட்டத்தில் கிடைத்த 550 சதுர அடிச் சீமெந்துக்கல் வீடு. மரச்சட்டக வீடு அதைவிடக் குளிர்மையாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பழைய மரம் இந்த அளவில் எல்லோருக்கும் கிடைக்காது. தச்சுக்கூலி சுவர்க்கூலியைப்போல் பல மடங்கு. புறக்கட்டடங்களுக்கு, அதுவும் மரம் கையில் இருப்பவர்களுக்கு, இது பொருந்தும் என்பதே இப்போதைக்கு என் கருத்து. தேக்கு நட்டு இருபது ஆண்டு கடந்தவர்கள் வேறுவிதமாக எண்ணலாம். தேக்கு உளிக்கு இணங்கும், பச்சையில் வெட்டினாலும் அதிகம் முறுகாது. ஓக் கணக்குக்கு எங்கள் பக்கத்தில் மிக நெருங்கிய மரம் அதுவாகத்தான் இருக்கும்.

மாரி முடிந்து தை பிறந்தபின் ஏணி வைத்து எல்லா மூட்டுகளையும் பார்த்தோம். தோள்கள் மூடியபடியே இருந்தன. சோளகப் பக்கத்து முட்டுகளில் சில ஆணிகள் கொட்டாப்புளிக்குச் சற்று உள்ளே போயின. அதற்காகவே உட்பக்கத்து வால்களை ஓரங்குலம் நீட்டி விட்டிருந்தோம். தகட்டின் மடிப்பில் இரண்டு கல்லில் கறையான் மண்குழாய் ஏறித் திரும்பிய தடம் கிடந்தது. வடகிழக்குக் கிடுகுத் தட்டி எதிர்பார்த்ததற்கு முன்னரே இற்றுவிட்டதால், அடுத்த மாரிக்குப் பனையோலையில் இரட்டைத் தட்டியாகக் கட்டப்போகிறோம்.

ஆலை மரத்தில் மீந்ததைக் கொண்டு இரண்டு கட்டு வண்டிக் கொட்டிலொன்று கட்டலாம். பதினாறடிச் சட்டம் இனி இல்லை. எஞ்சியவை ஒன்பது, பத்தடித் துண்டுகள். அவற்றைத் தீராந்தியாக நீட்டி ஒட்டுவதைவிட, நடுவில் ஒரு காலை நிறுத்தி இரண்டு துண்டையும் அதன் தலையில் சந்திக்கவிடுவது உறுதியானது என்று ஓடாவியார் சொல்கிறார். மச்சான் ஒட்டுமூட்டுப் படமொன்றை அனுப்பியிருக்கிறார். உழவு இயந்திரப் பெட்டி நடுக்காலில் இடிக்காமல் திரும்புமா என்பதை வளவில் கயிறு கட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம்.